பழைய பிக்அப் வண்டியை எதுவரை புதுப்பிப்பது: கழற்றுவதற்கு முன் எல்லை வகுக்கும் முழுமையான வழிகாட்டி

கம்பம் பள்ளத்தாக்கிலும், போடியிலிருந்து மேலே ஏறும் ஏலத்தோட்டங்களிலும், பாதி அவிழ்த்த நிலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பிக்அப் வண்டிகளைப் பார்க்காத ஊர் இல்லை. கேபின் ஒரு மூலையில் செங்கல் மேல் நிற்கும், இன்ஜின் வேறொரு பட்டறையில் கிடக்கும், பெயிண்டுக்குக் கொடுத்த முன்பணம் கரைந்திருக்கும். இவற்றில் பல வண்டிகள் கழற்றப்பட்ட நாளில் ஓடிக்கொண்டிருந்தவை. எதுவரை செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் ஸ்பேனரை எடுத்ததுதான் அவை நின்றுபோனதற்குக் காரணம்.

ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் இப்பகுதியில் மிகுதியாக உள்ள மஹிந்திரா டீசல் பிக்அப், 1988-இல் வந்த டாடாமொபைல் 206, அதன் பின்வந்த 207 ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. ஆனால் படிகளின் வரிசை எந்தப் பழைய பிக்அப்புக்கும் பொருந்தும்.

1. வண்டி இனிச் செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எவ்வளவு எடை ஏற்றப் போகிறீர்கள்? எந்தச் சாலையில்? வாரத்தில் எத்தனை நாள்? இந்த மூன்றும் தெரியாமல் பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் எவ்வளவு செலவழிப்பது என்பதை எந்த மெக்கானிக்காலும் சரியாகச் சொல்ல முடியாது.

சின்னமனூரிலிருந்து தேனிச் சந்தைக்குச் சமவெளியில் காய்கறி கொண்டுபோகும் வண்டிக்கும், மலையடிவார முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுக்கு உரமூட்டை கொண்டுசெல்லும் வண்டிக்கும் தேவை வேறு. மலைக்குப் போகும் வண்டியில் ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் ஆகிய மூன்றும் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். சமவெளி வண்டியில் அதே பணத்தின் ஒரு பகுதியைப் பாடிக்கு ஒதுக்கலாம்.

தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லத்தான் வண்டி என்றால், பிக்அப்பைப் புதுப்பிக்கும் எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். சரக்கு வாகனத்தின் பின்பகுதியில் ஆள் ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. வளைவில் ஒரு விபத்து நேர்ந்தால் அந்தக் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைப்பதே பெரும் வழக்காகிவிடும். அந்தத் தேவைக்குப் பயணிகள் வாகனமாகப் பதிவான ஜீப்பைத் தேடுவதே சரி.

வேலையை எந்த மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். குமுளிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை; பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் அடித்த பெயிண்ட் மங்கும், அடியில் நீராவி சிக்கிக் கொப்புளிக்கும். எனவே பாடி வேலையும் பெயிண்டும் பிப்ரவரி முதல் மே வரையிலான காய்ந்த மாதங்களில் அமையும்படி மற்ற வேலைகளை முன்னதாகத் தள்ளிக்கொள்ள வேண்டும்.

2. ஆவணங்களைச் சரிபார்க்காமல் ஒரு நட்டையும் தொடாதீர்கள்

புதியவர்கள் மிகுதியாகத் தவறவிடும் படி இது. சாலையில் ஓட்ட உரிமை கிடைக்காத வண்டியில் போட்ட பணம் திரும்ப வராது. எனவே எல்லையை முதலில் தீர்மானிப்பது ஆர்.சி. புத்தகம்தான்.

சேசிஸில், அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டகத்தில், பொறித்த எண்ணைக் கம்பித் தூரிகையால் மெல்லச் சுத்தம் செய்து, அதன் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கிரைண்டர் வைக்கக் கூடாது. எண் துருவில் அழிந்திருந்தாலோ, அந்த இடத்தில் வெல்டிங் தடம் இருந்தாலோ, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறும்வரை மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். இன்ஜின் எண்ணையும் அவ்வாறே பாருங்கள். மாநில எல்லைப் பகுதியில் கைமாறிய வண்டிகளில் இன்ஜின் மாற்றி, ஆர்.சி.யில் பதியாமல் விட்டது அடிக்கடி வெளிப்படும்.

அடுத்தது, வண்டி எந்த மாநிலப் பதிவு என்பது. வண்டிப்பெரியாறு, உடும்பஞ்சோலைப் பக்கத்திலிருந்து கே.எல். எண்ணோடு கீழே இறங்கிய பிக்அப்புகள் இங்கே ஏராளம். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவின்படி இங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. அது படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35. பழைய உரிமையாளர் உயிரோடும் கையெழுத்துப் போடும் நிலையிலும் இருக்கும்போதே இவற்றை வாங்கிவிடுங்கள். வேலை முடிந்த பின் அவரைத் தேடிப் போய், அவர் வாரிசுகளிடம் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பின் ஆண்டுதோறும் பெற வேண்டும். தனிப்பயன் வாகனமாகப் பதிவான இரட்டைக் கேபின் வகைகளுக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவையே 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகள் நின்ற வண்டியானால், நிலுவை வரியும் தாமதக் கட்டணமும் எவ்வளவு என்று அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகை புதுப்பிப்புச் செலவின் முதல் வரியாக நோட்டில் ஏற வேண்டும். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் தனியாக பெர்மிட் தேவைப்படாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. வேறு வகை இன்ஜின், நீட்டிய சேசிஸ், மாற்றிய பாடி எல்லாம் இதில் அடங்கும். 2019-இல் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கில்தான், இந்தத் தடையை உறுதிப்படுத்தியது. மலைக்கு அந்தப் பக்கம் சோதனை கடுமையாக இருப்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். முன்னால் கனத்த இரும்புக் கம்பி பம்பர் மாட்டுவதும் இதே பிரிவுக்கு மாறானது என்று 2017-இல் ஒன்றிய அமைச்சகம் அறிவுறுத்தியது. பழைய வண்டியில் அது இருந்தால் கழற்றி வையுங்கள், அதற்குப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டாதீர்கள்.

50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவை நம்பிச் சிலர் பெரும் பணம் போடுகிறார்கள். அந்த விதி இருசக்கர வாகனங்களையும் பயணிகள் நான்கு சக்கர வாகனங்களையும் குறித்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அதில் இடமில்லை. சரக்கு வாகனமாகப் பதிவான பிக்அப்புக்கு அந்த வழியை வைத்துத் திட்டமிடக் கூடாது.

3. கழற்றாமலே செய்யும் பரிசோதனை

இதற்குத் தேவையானவை சிறிய சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச், துணி சுற்றிய காந்தம், கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு, சாக்பீஸ், டேப், ஜாக்கி, நல்ல ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். முந்தைய நாளே அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவிடுங்கள். தோட்டத்துச் செம்மண் ஒட்டியிருக்கும்போது துருவும் தெரியாது, விரிசலும் தெரியாது.

சேசிஸிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் சேசிஸ்தான் தாங்குகிறது. அது போனால் மீதி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பின்பக்கக் கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் இடம், குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் சேரும் மூலைகள், கேபின் ரப்பர் உட்காரும் தாங்கிகள், ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடம் ஆகியவற்றைச் சுத்தியலால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளும். உளுத்த இடத்தில் ஓசை மட்டுப்படும், சுத்தியல் துள்ளாமல் அமரும், காய்ந்த மரப்பட்டைபோல அடுக்கடுக்காகத் துரு உதிரும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் சாக்பீஸால் வட்டம் போட்டு, படம் எடுத்து, நோட்டில் எழுதுங்கள்.

ஷேக்கிள் தாங்கியில் ஓரிடம் உளுத்திருந்தால் வெட்டி அதே தடிமனில் புதுத்தகடு வைக்கலாம். நீளச் சட்டங்கள் இரண்டிலும் பல இடங்களில் வட்டம் விழுந்தால், அந்த சேசிஸ் மலைப்பாதையில் லோடு தாங்காது என்று கொள்ளுங்கள். தகட்டின் மேல் தகடு வைத்துப் பற்றவைப்பது தீர்வாகாது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும்.

அடுத்து நேர்த்தன்மை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சேசிஸின் இரு பக்கத்திலும் ஒரே மாதிரியான நான்கு புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு பழைய வண்டியில் இருக்கும். அரை அங்குலத்தைத் தாண்டினால் எங்கோ மோதி வளைந்த வண்டி. சேசிஸ் நிமிர்த்தும் பட்டறையில் காட்டாமல் மேலே போகாதீர்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரம் திரும்ப உதவும் கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட். பேரிங்கை இறுக்கினாலே போதும் என்ற இடத்தில் கிங்பின் செட் முழுவதும் மாற்றிய பில்களை இந்த ஒரு சோதனை தவிர்த்துவிடும்.

கடைசியாகக் காந்தம். கதவின் அடிப்பகுதி, கேபின் பின்மூலை, வீல் வளைவு ஆகிய இடங்களில் காந்தத்தை வைத்து இழுத்துச் செல்லுங்கள். நல்ல தகட்டில் பற்றிக்கொண்டே வரும். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடித்த இடத்தில் பிடி விட்டு நழுவும். நழுவிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், பளபளப்பான கேபினில் உண்மையான இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

4. நான்கு எல்லைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் எல்லை, ஓடவைத்தல். பிரேக், டயர், விளக்கு, எஃப்.சி.க்குத் தேவையானவை மட்டும். சேசிஸ் நன்றாகவும் இன்ஜின் சீராக ஓடும்படியாகவும் இருந்து, சமவெளியில் அவ்வப்போது ஓட்டப்போகிறீர்கள் என்றால் இது போதும்.

இரண்டாம் எல்லை, உழைக்கவைத்தல். ஓட்டம், திருப்பம், நிறுத்தம் சார்ந்த எல்லாம் முழுமையாகப் புதுப்பிக்கப்படும். பாடியில் துருவை வெட்டி அடைப்பதோடு நின்றுவிடும். கேபின் சேசிஸை விட்டு இறங்காது. பிழைப்புக்காக வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த எல்லையையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். வண்டி ஒவ்வொரு கட்டத்திலும் தன் சக்கரத்தில் நிற்கும், பணம் தீர்ந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஓட்டலாம், ஈட்டிய பணத்தில் அடுத்த வேலையைத் தொடரலாம்.

மூன்றாம் எல்லையில் கேபினையும் லோடு பாடியையும் இறக்கி, சேசிஸை வெறுமையாக்கிப் பூச்சு அடித்துத் திரும்பக் கட்டுகிறோம். கேபின் தாங்கிகள் உளுத்திருந்தால் இதைத் தவிர்க்க முடியாது. மற்றபடி, மூடிய இடம், ஓராண்டுக்கு வேறு வண்டி, இடையில் தொடாத பணம் ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். மூன்றில் ஒன்று இல்லாமல் தொடங்கிய வண்டிகள்தான் தார்ப்பாய்க்கு அடியில் நிற்பவை.

நான்காவது, தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் நிலைக்கு மீட்பது. அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியாக இருந்தால் அந்த ஆசை மதிக்கத்தக்கது. ஆனால் அப்படி மீட்ட வண்டியில் பிறகு உரமூட்டை ஏற்ற மனம் வராது. முதல் படியில் எழுதிய வேலையோடு இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

5. உதிரி பாகம் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்

மெக்கானிக்கல் பாகங்களால் ஒரு புதுப்பிப்பு நிற்பது குறைவு. ஏலமலையெங்கும் ஜீப் ஓடுவதால், மஹிந்திராவின், பிரெஞ்சு நிறுவனமான பெஜோ வழி வந்த 2,112 சி.சி., 2,498 சி.சி. டீசல் இன்ஜின்களுக்கான பாகங்களும் அவற்றை அறிந்த கைகளும் கம்பம், போடி, கட்டப்பனை, நெடுங்கண்டம் பக்கம் இன்னும் உண்டு. வண்டியை நிறுத்திவிடுபவை முன்கண்ணாடி, அதன் ரப்பர் பீடிங், கதவுக் கைப்பிடி, மீட்டர் போர்டு, பக்க விளக்கு போன்ற சிறிய பாடிப் பாகங்களே. டாடாமொபைல் 206-க்கு இவை கிடைப்பது மேலும் அரிது.

ஆகவே பட்டியலிட்டு, அரிதானவற்றை முதலில் வாங்கி வீட்டில் வைத்த பிறகே கழற்றத் தொடங்குங்கள். உள்ளூர்க் காயலான் கடைகளில் தேடிவிட்டு, கிடைக்காதவற்றுக்கு மட்டும் சென்னை புதுப்பேட்டைக்குப் போகலாம். போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். படத்தைக் காட்டி வாங்கியது பெரும்பாலும் பொருந்தாது.

கூலியைப் பொறுத்தவரை, நாட்கூலிக்கு விடாமல் வேலைவாரியாகப் பேசுங்கள். டிங்கர் (தகட்டு வேலை செய்பவர்), எலக்ட்ரீஷியன், பெயிண்டர் மூவரிடமும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். “அண்ணே, நீங்க விட்டுட்டுப் போங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்” என்று மொத்தமாக ஏற்றுக்கொள்ளும் பட்டறையில், எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கேட்கக்கூட உங்களுக்குப் பிடி இருக்காது. வரும் மொத்தத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி ஒதுக்குங்கள். கழற்றிய பின் தெரியவரும் சேதத்துக்கானது அது. இந்தக் கூட்டுத்தொகை, அதே மாடலில் எஃப்.சி.யோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சந்தை விலையைத் தாண்டினால், எல்லையை ஒரு படி கீழே இறக்குங்கள் அல்லது ஓடும் வண்டியை வாங்குங்கள்.

6. எல்லையை ஒரு பக்கத்தில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள்

தேர்ந்த எல்லை, உச்சத் தொகை, முடிக்கும் மாதம், எந்தச் சேதம் வெளிப்பட்டால் வேலையை நிறுத்துவது ஆகியவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். நிறுத்தும் நிபந்தனைகளைக் குறிப்பாக எழுதுங்கள்: நீளச் சட்டத்தின் உட்புறம் உளுத்திருந்தால், இன்ஜின் பிளாக்கில் விரிசல் இருந்தால், சேசிஸ் எண் தெளிவாகாவிட்டால். கழற்றிய பின் மனம் இளகும், போட்டதை விட மனம் வராது. அப்போது தெளிந்த நேரத்தில் எழுதிய வரிதான் கைகொடுக்கும்.

வேலை நடுவில் “இதையும் சேர்த்துச் செய்துவிடலாமே” என்ற பேச்சு நாள்தோறும் வரும். அதில் நியாயமானதும் உண்டு, இழுத்துவிடுவதும் உண்டு. நான் கடைப்பிடிக்கும் அளவுகோல், அந்தப் பாகத்தை மறுபடி எட்டுவதற்கு ஆகும் கூலி பாகத்தின் விலையைவிட மிகுதியா என்பது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல் மூன்றையும் மாற்றுவது இந்த அளவுகோலில் தேறும், ஏனென்றால் அவற்றுக்காக மீண்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். சீட் கவரும் டேஷ்போர்டும் தேறாது. அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தேறாத ஆசைகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் “பிறகு” என்று தலைப்பிட்டு எழுதிவையுங்கள்.

7. நிறுத்தமும் திருப்பமும் முதலில்

கழற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

பிரேக்கை முதலில் எடுப்பதற்குக் காரணம், மற்ற வேலைகளின் நடுவே வண்டியை நகர்த்தவும் சோதிக்கவும் அது வேண்டும் என்பதே. நெடுநாள் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அந்த நீர் சிலிண்டர்களை உள்ளே அரிப்பதோடு, இறக்கத்தில் டிரம் சூடாகும்போது கொதித்துப் பெடலைத் தரையோடு அமர்த்திவிடும். வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், இரும்புக் குழாய், லைனிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். டிரம்மை லேத்தில் கொடுத்து, தயாரிப்பாளர் குறித்த உச்ச அளவைத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள்.

உங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று வகையானால், எங்கே ஒரு குழாய் உடைந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அத்தகைய வண்டியில் குழாயை ஒட்டுப் போடுவதற்கு இடமே இல்லை, ஹேண்ட் பிரேக்கும் ஏற்றத்தில் லோடோடு வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஸ்டியரிங், கமான் பட்டை, டயர் அடுத்து. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய டயரில் ரப்பர் இறுகி வெடித்திருக்கும், மழைச் சாலையில் பிடிக்காது.

8. இன்ஜினைத் திறப்பதற்கு முன் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக இன்ஜினைப் பிரித்துவிடுவது மிகப் பரவலான தவறு. ஹீட்டர் பிளக், பேட்டரியின் எர்த் இணைப்பு, செல்ஃப் மோட்டார், டீசல் குழாயில் காற்றுக் கசிவு இந்நான்கையும் முதலில் தீர்த்துவிடுங்கள். பிறகு டீசலைப் பீய்ச்சும் நாசில்களைப் பம்ப் பட்டறையில் அழுத்தம் பார்க்கக் கொடுங்கள். புகையைக் கவனியுங்கள்: கறுப்பு என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பின்னும் நீங்காத வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது உள்ளே இறங்கும் தண்ணீர்.

இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே காட்டுங்கள். மெல்லிய ஆவி வருவது இயல்பு. குப்குப்பென்று அழுத்தமாகக் கையில் அடித்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உட்சுவரான லைனர் தேய்ந்திருக்கின்றன. அதன் பிறகு நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒத்துச் சற்றுக் குறைந்திருப்பது வயதின் தேய்மானம். ஒன்று மட்டும் வீழ்ந்திருப்பதுதான் உடனே கவனிக்க வேண்டியது.

ஹெட்டைத் திறந்தாக வேண்டுமெனில், லைனர் தேய்மானத்தை அளந்த பிறகே ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) பற்றிப் பேசுங்கள். அளவு வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் (உட்சுவரை மெல்லத் தீட்டுவது) செய்து புது ரிங் போடுவதோடு நிறுத்தலாம். மலைக்குப் போகும் வண்டியானால் ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது கட்டாயம். புது ரிங் போட்ட இன்ஜின் முதல் ஏற்றத்திலேயே சூடேறி, போட்ட வேலை முழுவதும் வீணாவது இந்த ஒன்றைத் தவறவிடுவதால்தான்.

9. ஒயரிங்

இறுகி உடையும் ஒயரைத் துண்டு துண்டாக ஒட்டாமல் மொத்தக் கட்டையும் மாற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பியூஸ் வையுங்கள், ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். எர்த் போல்ட்டுகளுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி வெற்று இரும்பில் இறுக்குங்கள். விளக்கு மங்குவதற்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

10. பாடியும் பெயிண்டும் கடைசியில்

காந்தம் நழுவி நீங்கள் கோடிட்ட இடங்களில், பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை பழைய பட்டியையும் துருவையும் நீக்கி, உளுத்ததை வெட்டி, புதுத்தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பட்டி நீரை உறிஞ்சும். துருவின் மேல் தடித்த பட்டி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பட்டி 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டாமல் டிங்கர் தகட்டைச் சீர்செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் பட்டறைக்குப் போய் நில்லுங்கள், ஏனெனில் எபாக்ஸி பிரைமர் அடித்த பின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கதவின் அடியிலும் கேபின் ஓரத்திலும் உள்ள நீர்வடி துளைகளை பெயிண்டர்கள் அறியாமல் அடைத்துவிடுவார்கள். அவற்றைக் கம்பியால் திறந்துவிடுங்கள். பெயிண்டுக்கு முன் கதவுகளையும் பானட்டையும் ஒருமுறை மாட்டி இடைவெளி பாருங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்; பழைய நிறத்தையே அடிப்பது அந்த அலைச்சலை நீக்கும்.

அடிப்பகுதிக்குப் பழைய இன்ஜின் ஆயில் அடிப்பது இப்பக்கத்து வழக்கம். அது ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும், மண்ணையும் பிடித்துவைக்கும். உட்குழிவுகளுக்கென்று விற்கும் மெழுகுப் பூச்சை அடியுங்கள்.

11. ஓட்டிப் பார்த்து இறுக்குதல்

முதல் 500 கிலோமீட்டரை லோடில்லாமலும் பிறகு பாதி லோடிலும் ஓட்டுங்கள். அந்த இடைவெளியில் கமான் பட்டையின் யு-போல்ட், வீல் நட், கேபின் போல்ட் ஆகியவற்றை மறுபடி இறுக்குங்கள். புது பாகங்கள் அமர்ந்துகொள்ளும்போது இவை தளர்வது இயல்பு.

குமுளி அல்லது போடிமெட்டு இறக்கம் ஒன்றை ஏறிய கியரிலேயே இறங்கி, கீழே லோயர் கேம்பிலோ முந்தலிலோ நிறுத்தி, ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே கையைக் காட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். தொடாதீர்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே லைனிங் உரசிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. இதைச் சரிசெய்த பிறகே எஃப்.சி.க்கு நாள் வாங்குங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் பார்த்து, சாக்பீஸ் வட்டமிட்ட இடங்களை மீண்டும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஈரமும் புதுத் துருவும் இல்லையென்றால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் “பிறகு” என்று எழுதியவற்றிலிருந்து அடுத்த வேலையை எடுக்கலாம்.